முதுகு நோவுக்கு வெந்நீர்ப் பொடி

ஜப்பானுக்குப் போகிறேன் என்று சொன்னதும் கோயிலில் ஒருவரும் அங்கே என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. என்ன சாப்பிடுவீர்கள் என்றுதான் கேட்டார்கள். லண்டனில், ஸ்ட்ரெதமில் எங்கள் ரோட்டில் இருக்கிற ஒரு அம்மா, பச்சை மீனைத் தவிர அந்த நாட்டில் வேறொன்றும் கிடையாது என்று அடித்துச் சொல்லி ஒரு பை முறுக்கைக் கையில் திணித்துவிட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. டூட்டிங்குக்குப் போய் வறுத்த மிளகாய்த்தூள், அரிசிமா, நல்லெண்ணெய், ஊறுகாய் என்று வாங்கிச் சேர்த்ததில், என் உடுப்புகளுக்குப் பெட்டியில் ஒரு மூலைதான் மிஞ்சியது.

மகள் துளசி அங்கே பெப்பு என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறாள். லண்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளை, லண்டனில் இல்லாத பள்ளிக்கூடமா என்று கேட்காதீர்கள். நான் கேட்டு அலுத்துவிட்டேன். கோடை விடுமுறை வரைக்கும் தன்னால் வர முடியாது, நீங்கள் வாருங்கள் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். "தனிய இருந்து சுவரைப் பாக்கிறத விட இங்க வந்து மலையைப் பாருங்கோ அம்மா" என்றாள். பிள்ளையைப் பார்க்கும் ஆசை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உண்மையைச் சொன்னால், நான் என் மச்சாளிடமிருந்து கொஞ்ச நாளைக்குத் தப்பி ஓடப் பார்த்தேன்.

இவர், என் புருஷன், போய் ஒன்றரை வருடமாகிறது. செத்தவீட்டில் பெண்கள் என்னைச் சுற்றி இருந்து தாலிக்கொடியைக் கழற்றப் பார்த்தபோது நான் விடவில்லை. புரட்சி ஒன்றும் செய்யவில்லை. அவர்களுடைய கையைத் தட்டிவிட்டேன், அவ்வளவுதான். அவர் கட்டியது, அவர் கழற்றட்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகு அதுதான் சரி என்று எனக்கே பட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஜம்பருக்குள்ளும் ஸ்கார்ஃபுக்குள்ளும் கொடியை மறைத்துக்கொண்டு திரிகிறேன். லண்டனில் புருஷன் உயிரோடு இருக்கிற பெண்களும் கள்ளருக்குப் பயந்து மறைத்துத்தான் போடுகிறார்கள் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் பிறகாவது கழற்றியிருப்பேன் என்று நினைத்திருப்பார்கள். குட்மேய்ஸில் இருக்கிற மச்சாளுக்கு மட்டும் தெரியும். இவருடைய அக்கா. ஆவணியில் அவருடைய மகளுக்குக் கலியாணம். "கொடியோட வந்து மணவறைக்கு முன்னால நிண்டா சனம் என்ன கதைக்கும்? அதுக்கு முன்னம் ஒரு நல்ல நாள் பாத்துக் கழட்டும்" என்று போனில் சொன்னார். கட்டுவதற்கு நல்ல நாள் பார்ப்பது தெரியும். கழற்றுவதற்கும் பார்ப்பார்களாம். ஜப்பானால் திரும்பி வந்து சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

விமானத்திலிருந்து இறங்கியதும் சுங்க அதிகாரி ஒரு பெண் என் பெட்டியைத் திறந்து மிளகாய்த்தூளைக் கையில் எடுத்தார். நான் சாப்பிடுவது போல் சைகை காட்டினேன். பையைத் திறந்து மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டு அந்தப் பெண் மூன்று முறை தும்மினார். தும்மிவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டுத் தலை குனிந்தார். ஹீத்ரோவில் தும்ம வைத்திருந்தால் என்னை எங்கே கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது.

பெப்புவில் ஊர் முழுக்க ஆவி பறக்கிறது. வீதியோர வடிகால், வீடுகளுக்கு இடையில் நிற்கிற குழாய், வெறும் நிலம், எங்கே பார்த்தாலும் வெள்ளைப் புகை. புட்டுப் பானைக்குப் பக்கத்தில் குடியிருப்பது போல் இருக்கும். நிலத்துக்கு அடியில் வெந்நீர் கொதிக்கிறது என்றாள் துளசி. அந்த ஆவியிலேயே முட்டை, வற்றாளைக் கிழங்கு, நண்டு எல்லாம் அவிக்கிறார்கள். வற்றாளைக் கிழங்கு நன்றாக இருந்தது. ஒரு தேங்காய்ச் சம்பல் இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

முதல் நாள் இரவு நான் புட்டு அவித்தேன். துளசி மூன்று முறை போட்டுச் சாப்பிட்டாள். அடுத்த நாள் விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அவளுடைய வீடு ஒரே ஒரு அறை. கட்டிலை மடித்தால் மேசை, மேசையை மடித்தால் சுவர். லண்டன் வீட்டில் தனியாக இருப்பது எனக்குப் பழகியிருந்தது. மகளுடைய வீட்டில் தனியாக இருப்பது புதிது. அங்கே எந்தப் பொருளை எடுத்தாலும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டீவியைப் போட்டேன், ஒன்றும் விளங்கவில்லை. நிறுத்தினேன், அது அதைவிட மோசமாக இருந்தது.

வெளியே போனேன். கடையில் காசு வாங்குகிற பெண் தலை குனிந்தாள். நானும் குனிந்தேன். அவள் திரும்பவும் குனிந்தாள். யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் குனிந்துகொண்டே இருந்தோம். அன்று பகல் முழுக்க எனக்கும் இன்னொரு மனிதருக்கும் நடுவில் நடந்த பேச்சுவார்த்தை அது ஒன்றுதான். மத்தியானம் ஒரு நூடுல்ஸ் கடையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டேன். அங்கே தனியாகச் சாப்பிட வருகிறவர்களுக்கென்றே சுவரோரமாக மேசை போட்டிருக்கிறார்கள். என் இரு பக்கமும் தனியாக வந்தவர்கள். சத்தமாக உறிஞ்சினார்கள். டூட்டிங் கடைகளில் நான் தனியாகப் போய் உட்கார்ந்தால், பரிமாற வருகிற பெடியன் இன்னும் ஆள் வருதோ அன்ரி என்று கேட்பான். இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்காதது நல்லதுதான் என்று முதலில் நினைத்தேன். வெளியே வந்து நடக்கும்போது, யாராவது கேட்டிருக்கலாம் என்று பட்டது.

மூன்றாம் நாள்தான் வெந்நீர்க் குளிப்பு. முழங்காலுக்கு நல்லது, பகல் முழுக்க அங்கேயே இருக்கலாம், பள்ளிக்கூடம் முடிய வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று துளசி ஏற்பாடு செய்திருந்தாள். காலையில் பல் தீட்டிக்கொண்டே விதிகளை எல்லாம் ஒப்புவித்தாள். செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். முதலில் குந்தி இருந்து சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பிறகுதான் தொட்டிக்குள் இறங்கலாம். துவாய் தண்ணீரில் படக்கூடாது. கடைசியாக, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "ஒண்டும் போடாமத்தான் இறங்கவேணும் அம்மா. எல்லாரும் அப்பிடித்தான். ஒருத்தரும் பாக்க மாட்டினம்" என்றாள்.

ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, அவள் போன பிறகு என் கைப்பைக்குள் ஒரு பாவாடையை மடித்து வைத்தேன். குறுக்குக்கட்டு இல்லாமல் நான் என் வீட்டுக் குளியலறையில்கூட அதிக நேரம் நிற்பதில்லை.

பஸ்ஸில் முதல் வில்லங்கம். லண்டன் பழக்கத்தில் முன்வாசலால் ஏறி, கார்டை வைக்க இடம் தேடினேன். சாரதி வெள்ளைக் கையுறை போட்டவர். எழுந்து நின்று பின்வாசலைக் காட்டினார். அங்கே பின்னால் ஏறி, ஒரு சின்ன நம்பர்த் துண்டை எடுத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் முன்னால் காசு போட வேண்டுமாம். நான் இறங்கி, பின்னால் ஓடி, ஏறி உட்காரும் வரைக்கும் முழு பஸ்ஸும் பொறுமையாகக் காத்திருந்தது. ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் ஒரு பஸ் யாருக்காகவும் காத்திருந்து நான் பார்த்ததில்லை. வெட்கத்தில் இறங்க வேண்டிய இடத்தையும் தவறவிட்டு, ஒரு தரிப்பு தள்ளி இறங்கி, மலைச்சரிவில் திரும்பி நடந்தேன். வழியில் வைக்கோல் வேய்ந்த சின்னக் குடிசைகள் இருந்தன. அவற்றுக்குள்ளிருந்து அவித்த முட்டை பழுதாகிப்போன மணம் வந்தது. கந்தகம்.

பெண்கள் பக்கம் சிவப்புத் திரை போட்டிருந்தது. உடுப்பு மாற்றுகிற அறையில் பாவாடையை எடுத்து நெஞ்சுக்கு மேல் கட்டிக்கொண்டு கம்பீரமாக நடந்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் என்னைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கைகளையும் பெருக்கல் அடையாளம் போல் வைத்துக் காட்டினார். சிரித்த முகத்தோடு, ஆனால் வழிவிடாமல் நின்றார். வேறு வழி இல்லை. பாவாடையை அவிழ்த்தேன். ஐம்பத்தெட்டு வயதில் முன்பின் தெரியாத பெண்களுக்கு முன்னால் அப்படி நிற்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. மகள் சொன்னது சரிதான். ஒருத்தரும் பார்க்கவில்லை. கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

உடுப்பை வைக்கிற பெட்டிக்குப் பூட்டும் சாவியும் இருந்தன. அதற்கு மேலே சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். ஒரு மோதிரம், ஒரு சங்கிலி, குறுக்கே சிவப்புக் கோடு, பக்கத்தில் பெரிய ஆச்சரியக்குறி. கீழே ஜப்பான் எழுத்து. எனக்கு உடனே விளங்கிவிட்டது. நகை கவனம், கள்ளர் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பொலிஸ் வீட்டுக்கு வீடு போடுகிற துண்டுப்பிரசுரத்திலும் இதே சங்கிலி, இதே ஆச்சரியக்குறிதான் இருக்கும். லண்டனில் கள்ளர் தமிழ் வீடு பார்த்துத்தான் உடைக்கிறார்கள். நாங்கள் நகையை அரிசி வாளிக்குள்ளும் பழைய சப்பாத்துக்குள்ளும் ஒளித்து, பிறகு எங்கே ஒளித்தோம் என்று தேடுகிற சனம். ஒரு தகரப் பெட்டியையும் ஒரு விரல் நீளச் சாவியையும் நம்பி நான் கொடியை விட்டுப் போவேனா? அது கழுத்திலேயே இருக்கட்டும் என்று உள்ளே போனேன். மோதிரத்தைக்கூடக் கழற்றவில்லை.

குந்தி இருந்து கழுவினேன். தொட்டி வெளியே, மலைக்குக் கீழே இருந்தது. தண்ணீர் பால் ஊற்றிய மாதிரி வெள்ளை. இறங்கியதும் கழுத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது. சூடு முழங்காலுக்குள் போய், இடுப்புக்கு ஏறி, தோளில் நின்றது. எனக்கு எதிரே இரண்டு பெண்கள் துவாயை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு கதைத்தார்கள். மொழி தெரியாவிட்டாலும் அது மருமகளைப் பற்றிய கதை என்று தெரிந்தது. அந்தத் தொனி உலகத்துக்கெல்லாம் ஒன்று.

அவர்கள் போனார்கள். வேறு சிலர் வந்து போனார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். இவரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். டூட்டிங்கில் ஒரு மொத்தக் கடையில் இருபது வருடத்துக்கு மேல் பெட்டி தூக்கினவர். பின்னேரம் வந்ததும் ஹோலில் குப்புறப் படுப்பார். நான் முதுகுக்குத் தைலம் பூசுவேன். எனக்குக் கை உளையும், அதற்காக அவரை ஏசுவேன். இந்தத் தண்ணீரில் அவரைப் போட்டிருந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

யாரோ என் தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால், நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய ஒரு அம்மா. எழுபத்தைந்து வயது இருக்கும். என் நெஞ்சைக் காட்டிப் படபடவென்று ஏதோ சொன்னார். குனிந்து பார்த்தேன். சூட்டில் என்னை அறியாமல் கொஞ்சம் எழும்பி இருந்திருக்கிறேன். தண்ணீருக்கு மேலே தெரிந்த கொடி என்னுடையதாகவே இல்லை. மண்ணிறமாகி, பற்றுவைத்த இடங்களெல்லாம் மையாகக் கறுத்திருந்தது. தாலி பழைய செப்புச் சல்லி போல் கிடந்தது.

அந்தச் சுவர்ப் படம் கள்ளருக்காக ஒட்டியது இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. கந்தகத் தண்ணீருக்கு நகை ஆகாது. இருபத்திரண்டு கரட் என்றாலும் செம்பும் வெள்ளியும் கலந்ததுதானே. கள்ளருக்குப் பயந்து காப்பாற்றியதை நானே கொண்டுபோய்த் தண்ணீரில் தோய்த்திருக்கிறேன்.

அந்த அம்மா என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். கழுவுகிற இடத்தில் முக்காலியில் இருத்தினார். நாடியைப் பிடித்து முகத்தை மேலே தூக்கிவிட்டு, கொடியின் ஒவ்வொரு வளையமாக நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, தன் துவாயால் தேய்த்தார். கறுப்பு போகவில்லை. இன்னும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். பிறகு, தொடங்கிய வேலையை முடிக்கிற மாதிரி, என்னைத் திருப்பி வைத்து முதுகையும் தேய்க்கத் தொடங்கினார்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். முப்பத்தோராம் நாளோடு அதுவும் முடிந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் என்னைத் தொடவில்லை. வைத்தியரிடம் போனால் பிரஷர் பார்க்கக் கையில் பட்டியைச் சுற்றுவார்கள், அது இயந்திரம். முதுகில் ஒரு மனிதக் கை பட்டதும் நான் அழுதுவிட்டேன். கொடி பழுதாகிவிட்டதற்கு அழுகிறேன் என்று நினைத்து அந்த அம்மா இன்னும் பலமாகத் தேய்த்தார். அங்கே ஒரு வசதி, எல்லார் முகமும் ஈரம்.

குளித்து முடித்தவர்கள் பாய் விரித்த ஒரு மண்டபத்தில் கால் நீட்டி இருக்கிறார்கள். கண்ணாடிப் போத்தலில் குளிர்ந்த பால் குடிப்பது வழக்கமாம். அந்த அம்மா எனக்கும் ஒரு போத்தல் வாங்கித் தந்தார். தன் பெயர் கிமிகோ என்றார். பிறகு கைபேசியை எடுத்து அதற்குள் ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னார். அதிலிருந்து செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில் தமிழ் வந்தது. நான் பாலைச் சிந்திவிட்டேன். அந்த ஊருக்கு வந்த பிறகு மகளைத் தவிர என்னோடு தமிழ் கதைத்தது அந்தப் போன்தான்.

என் தமிழ் அதற்கு விளங்கவில்லை. "ஓம், அது கறுத்துப் போச்சு" என்றால் வேறு ஏதோ சொல்லிக் கிமிகோவை முழிக்க வைத்தது. பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் பேசுவது போல் நீட்டி முழக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அது என்ன சங்கிலி என்று கேட்டார். திருமணத்தின்போது கணவர் கட்டியது என்று சொன்னேன். கிமிகோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு போனுக்குள் மெதுவாக ஏதோ கேட்டார்.

"உங்கள் கணவர் கோபிப்பாரா?" என்றது போன்.

கோபிக்க மாட்டார் என்று சொல்லியிருக்கலாம். அவர் இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கு மனப்பாடம். முகம் மாறும், தலை சரியும், குரல் இறங்கும், பிறகு பேச்சு நின்றுவிடும்.

"ஆம்" என்றேன். "மிகவும் கோபிப்பார். சாப்பிட்ட பிறகு மறந்துவிடுவார்."

போன் அதைச் சொன்னதும் கிமிகோ விழுந்து விழுந்து சிரித்தார். தன் கணவரும் அப்படித்தானாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு டீவிக்கு முன்னால் இருந்து எழும்புவதே இல்லையாம். தேநீர் என்பார், பத்திரிகை என்பார், வேறு வார்த்தையே வராதாம். அந்த மனிதரிடமிருந்து தப்பத்தான் தினமும் இங்கே வருகிறேன் என்றார். உங்களுடையவர் எப்படி என்று கேட்டார்.

எனக்கு வாய் திறந்தது. மேசை லாச்சியை இழுத்துத் திறந்தால் மூடுவதில்லை என்றேன். தேயிலைப் பையைக் கோப்பை கழுவுகிற சிங்கிலேயே போடுவார். காரில் போகும்போது வழி தெரியாவிட்டாலும் யாரையும் கேட்க மாட்டார். நான் குளிக்கப் போகும்போது துவாயை மறந்துவிடுவேன், கூப்பிட்டால் கொண்டுவந்து கதவுக்குள்ளால் கையை விட்டுக் கொளுக்கியில் தொங்கவிடுவார், ஆனால் அதற்குள் ஒரு முழு நாளைக்கும் போதுமான அளவு முணுமுணுப்பார். குறட்டையைப் பற்றிச் சொன்னேன். அவருடைய அக்காவைப் பற்றியும் சொன்னேன். கிமிகோ கைதட்டினார்.

புருஷன் போனால் ஒரு பெண்ணுக்கு என்னென்ன போகும் என்று எல்லாரும் பட்டியல் வைத்திருக்கிறார்கள். பொட்டு, பூ, கலியாண வீட்டில் முன்வரிசை. அவரைக் குறை சொல்கிற உரிமையும் போய்விடும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. செத்த அன்றே அவரைச் சாமியாக்கிப் படத்துக்குள் போட்டுவிட்டார்கள். ஒன்றரை வருடமாக அவரைப் பற்றி நல்லதை மட்டும் கேட்டும் சொல்லியும், என்னோடு வாழ்ந்த மனிதர் யார் என்பதே எனக்கு மங்கிக்கொண்டு வந்தது. அந்த மண்டபத்தில், பால் போத்தலோடு, ஒரு செய்தி வாசிப்பவளின் குரலுக்கு நடுவில், அவர் லாச்சியை மூடாமல் எழும்பி வந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இன்று ஏன் அவர் வரவில்லை என்று கிமிகோ கேட்டார். வேலை, லீவு கிடைக்கவில்லை, முதுகு வேறு சரியில்லை என்றேன். கிமிகோ எழும்பிப் போய், வாசலில் இருந்த சின்னக் கடையிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். வரும் வழியில் பார்த்த அந்த வைக்கோல் குடிசைகளுக்குள் கந்தக ஆவியிலிருந்து எடுக்கிற பொடியாம். வீட்டில் வெந்நீரில் கரைத்தால் இதே தண்ணீர். கணவரின் பெயர் என்ன என்று கேட்டார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவரைப் பெயர் சொல்லி அழைத்தவள் இல்லை நான், எப்போதும் இஞ்சருங்கோதான். ஆஸ்பத்திரி ரிசெப்ஷனில் சொன்னதுதான் கடைசி. "சிவநேசன்" என்றேன். கிமிகோ பேனாவை எடுத்துப் பொட்டலத்தின் மேல் தன் எழுத்தில் அதை எழுதினார். பிறகு போனுக்குள் சொன்னார்.

"இது அவருடைய முதுகுக்கு. நகைகளைக் கழற்றிய பிறகே இறங்க வேண்டும்."

பின்னேரம் துளசி வந்து கூட்டிப் போனாள். பஸ்ஸில் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தவள், எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். அப்பாவின் பெயர் ஏன் இதில் இருக்கிறது என்று கேட்டாள். மறைக்கத் தெரியவில்லை. ஒருத்தியிடம் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன், முதுகு நோ என்று பொடி தந்துவிட்டார் என்றேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் இங்க ஒருத்தருக்கும் சொல்லேல்ல அம்மா" என்றாள். "ஸ்கூல்ல கேட்டா, அப்பா லண்டன்ல, வேர்க் பண்றார் எண்டுதான் சொல்றனான்."

பெப்பு என்ற ஊரில் இவர் உயிரோடுதான் இருக்கிறார். அவரை விட்டுவிட்டு நான் சில நாட்களில் லண்டனுக்குத் திரும்பினேன்.

வந்த கிழமையே மச்சாள் கூப்பிட்டு, முறுக்குச் சுட ஆள் வேண்டும் என்றார். குட்மேய்ஸ் வீட்டில் மாவுக்கு மேல் நான் குனிந்தபோது கறுத்த கொடி ஜம்பருக்கு வெளியே விழுந்துவிட்டது. மச்சாளின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "தம்பியே காட்டிப்போட்டான்" என்றார். தம்பி என்பது என் புருஷன். கழற்றச் சொல்லி மேலேயிருந்து அடையாளம் அனுப்பியிருக்கிறாராம். வழி கேட்கவே வாய் திறக்காத மனிதர், இப்படிக் கந்தகம், ஜப்பான் என்று சுற்றிவளைத்து அடையாளம் அனுப்புவார் என்று நான் நம்பவில்லை. கொடியை உள்ளே போட்டுவிட்டு மாவைக் குழைத்தேன்.

அடுத்த நாள் டூட்டிங்கில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். "கழட்டித் தாங்கோ அக்கா. நீங்கள் ஒரு தேத்தண்ணி குடிக்கிறதுக்குள்ள பழையபடி மின்னும்" என்றார் கடைக்காரர். தட்டு ஒன்றை முன்னால் வைத்தார். கொக்கியில் கை வைத்தேன். பக்கத்தில் ஒரு புதுப்பெண்ணும் தாயும் வளையல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை அதற்கு மேல் போகவில்லை. பிறகு வாறன் தம்பி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை. வீட்டைக் கூட்டித் துடைத்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. தைலம் இருக்கிறது, முதுகுக்குப் பூச என் கை எட்டாது. மேசையில் அந்தப் பொட்டலம் இருந்தது. அவருடைய பெயர், எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில். வைத்திருந்து என்ன செய்வது என்று மேலே போய்த் தொட்டியை நிரப்பிப் பொடியைக் கொட்டினேன். தண்ணீர் வெள்ளையானது. ஸ்ட்ரெதம் வீடு முழுக்க அழுகிய முட்டை மணத்தது.

ஒரு காலைத் தூக்கி வைக்கப் போகும்போதுதான் நினைவு வந்தது. நகைகளைக் கழற்றிய பிறகே இறங்க வேண்டும். நின்றேன். நல்ல நாள் பார்க்கவில்லை. சுற்றிவர ஒருவரும் இல்லை, ஒப்பாரி இல்லை. கொக்கி இறுகியிருந்தது. கொஞ்ச நேரம் போராடிக் கழற்றினேன். கையில் எடுத்ததும் அது இவ்வளவு பாரமா என்று இருந்தது. கதவுக் கொளுக்கியில் தொங்கவிட்டேன். ஆவணியில் அதைப் போட்டுக்கொண்டு போவேனா, வெறுங்கழுத்தோடு போவேனா என்று தெரியாது. அன்றைக்குக் காலையில் யோசிப்பேன்.

தண்ணீருக்குள் கால் நீட்ட இடமில்லை. முழங்காலை மடித்து, கழுத்து வரை தாழ்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். கிமிகோ சொன்னது பொய்யில்லை. கொஞ்ச நேரத்தில் இடுப்புப் பிடிப்பு விட்டது. முதுகு இளகியது. மழைச் சத்தத்தில் தூக்கம் வருவது போல் இருந்தது.

தண்ணீர் ஆறத் தொடங்கியதும் எழும்பப் பார்த்தேன். துவாயை எடுத்துவர மறந்திருந்தேன்.

"இஞ்சருங்கோ" என்று கூப்பிட்டேன்.

நான் நினைத்துக் கூப்பிடவில்லை, வாய் கூப்பிட்டது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கொளுக்கியில் துவாய் இல்லை, கறுத்த கொடிதான் தொங்கியது. கொஞ்சம் பொறுத்தேன். பிறகு எழும்பி, தரையெல்லாம் வெள்ளைத் தண்ணீர் சிந்தச் சிந்த, நானே போய் எடுத்தேன்.